"யெஸ்" என்றால் "ஆமாம்" அல்ல: அலுவலக ஆங்கிலத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முதல் வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஏழாவது மாடி. மாலை ஏழரை மணி. நியூயார்க்கில் அப்போது காலை பத்து. வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் தொலைபேசியில் கேட்டார்: "யூ ஹேவன்ட் சென்ட் த ரிப்போர்ட்?" நான் அறிக்கையை அனுப்பியிருக்கவில்லை. ஆகவே உண்மையைப் பணிவாக ஒப்புக்கொண்டேன்: "யெஸ்."

அவர் "கிரேட்!" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அனுப்பவில்லை என்றதற்கு இந்த மனிதர் ஏன் இவ்வளவு மகிழ்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை கணினியைத் திறந்தால் நான்கு மின்னஞ்சல்கள். நான்காவதில் என் மேலாளரின் மேலாளரும் சேர்க்கப்பட்டிருந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்தவன் நான். அந்த வாரமே ஒரு தடித்த இலக்கணப் புத்தகம் வாங்கினேன். செயப்பாட்டு வினை வரை போனேன். என் "யெஸ்" எங்கே தப்பியது என்று அதில் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. இப்போது ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை சொல்லித் தருகிறேன். இலக்கணப் பிழையால் ஒரு வேலை கெட்டு நான் பார்த்தது அபூர்வம். இவனுக்குப் புரிந்ததா, செய்வானா, எப்போது செய்வான் என்று எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாமல் போய்க் கெட்ட வேலைகள்தான் அதிகம். அதனால் கீழே உள்ள வரிசை, பயிற்சி வகுப்புகளின் வரிசை அல்ல. முதலில் எது அடிவாங்க வைக்குமோ அது முதலில்.

முதலில் ஒரு வாரம் காது கொடுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் வாரம் எதையும் படிக்க வேண்டாம். உங்கள் குழுவில் தெளிவாகப் பேசுகிறவர் யார் என்று பார்த்து, அவர் கூட்டங்களில் சொல்லும் வாக்கியங்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எப்போது சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்: நேரம் கேட்கும்போது, புரியாதபோது, வேலை தாமதமாகும்போது.

வெள்ளிக்கிழமை அதைப் புரட்டினால் ஒரு நிம்மதி வரும். "லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ", "ஐ ஆம் ஸ்டில் வொர்க்கிங் ஆன் இட்", "கேன் வீ மூவ் திஸ் டு டுமாரோ?" என்று அதே வாக்கியங்கள்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். அலுவலக ஆங்கிலம் சின்னக் குளம். அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பு, சுமார் 1500 அடிப்படைச் சொற்களை வைத்துக்கொண்டே உலகச் செய்திகளை மெதுவாக வாசித்தது. உலகத்துக்கே அவ்வளவு போதுமென்றால், உங்கள் குழுவின் ஒரு மென்பொருளுக்கு அதைவிடக் குறைவே போதும்.

"யெஸ்" மட்டும் தனியாக வாயிலிருந்து வரக்கூடாது

என் கதைக்கு வருகிறேன். தமிழில் "இன்னும் அனுப்பவில்லையா?" என்று கேட்டால் "ஆமாம், அனுப்பவில்லை" என்போம். நம்முடைய ஆமாம், கேட்டவர் சொன்னது சரி என்கிறது. ஆங்கிலத்தின் யெஸ் கேட்டவரைப் பொருட்படுத்துவதே இல்லை. வேலை நடந்ததா என்பதை மட்டும் பார்க்கிறது. நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ, கேள்வி எப்படி வந்தாலும் சரி. "யூ ஹேவன்ட் சென்ட்?" என்றதற்கு நான் சொல்ல வேண்டியது "நோ, ஐ ஹேவன்ட்."

இதை மூளையால் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். நாக்கு கேட்க மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. எதிர்மறையாக வரும் கேள்விக்கு யெஸ், நோ இரண்டையும் தொடாதீர்கள். நிலவரத்தைச் சொல்லுங்கள்: "நாட் யெட். ஐ வில் சென்ட் இட் டுடே." இந்த "நாட் யெட்" தங்கம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு தொடர்தான் கற்றுத்தர முடியும் என்றால் இதைத்தான் கற்றுத்தருவேன்.

"டூ யூ மைண்ட் ஷேரிங் யுவர் ஸ்கிரீன்?" என்ற கேள்வியும் இதே குடும்பம். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார்கள். "யெஸ்" என்றால் ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். "ஷ்யூர்" என்று சொல்லிவிட்டுத் திரையைக் காட்டுங்கள்.

அறைத் தோழர் ஒருவரைப் பிடித்து, தினமும் பத்து எதிர்மறைக் கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். "யூ டிட்ன்ட் ஈட்?", "யூ டோன்ட் நோ ஹிம்?" முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருக்கும். பிறகு பழகும்.

கேமரா போட்டிருந்தால் தலையையும் கவனியுங்கள். நாம் ஆமாம் என்பதற்குப் பக்கவாட்டில் தலையாட்டுவது அமெரிக்கர்களுக்கு மறுப்புபோலத் தெரியும். ஆட்டத்தை நிறுத்த முடியாது, நானும் முயன்று தோற்றவன். தலை ஆடும்போதே வாயும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

"சரி" என்பதும் "பார்க்கிறேன்" என்பதும்

நம் ஊரில் "பார்க்கிறேன்" என்றால் என்ன பொருள் என்று கல்யாணத்துக்கு அழைத்தவருக்கும் தெரியும், அழைக்கப்பட்டவருக்கும் தெரியும். அதையே "ஐ வில் சீ", "ஐ வில் ட்ரை" என்று ஆங்கிலத்தில் போட்டால், கேட்பவர் அதைப் பாதி வாக்குறுதியாகக் குறித்துக்கொள்கிறார். "ஓகே" இன்னும் மோசம். காதில் விழுந்தது என்ற பொருளில் நாம் "சரி, சரி" என்கிறோம். ஒப்புக்கொண்டான் என்று அவர் எடுத்துக்கொள்கிறார்.

முடியாது என்றால் எதை முடியும் என்று சொல்லுங்கள்: "ஐ கான்ட் ஃபினிஷ் இட் டுடே. ஐ கேன் கிவ் யூ த ஃபர்ஸ்ட் பார்ட் பை டுமாரோ நூன்." மேலாளர் முன்னால் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை முடிக்க வேண்டிய வேலைக்கு வியாழக்கிழமை சொல்லும் "முடியாது" ஒரு தகவல். அதையே திங்கட்கிழமை சொன்னால் புகார் ஆகிவிடும்.

கெடு சொல்வதில் ஒரு சொல் நம்மைத் தொடர்ந்து காட்டிக்கொடுக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் என்பதை "வித்தின் ஃப்ரைடே" என்கிறோம், "உள்" என்ற சொல் உள்ளே நின்று தள்ளுவதால். அது "பை ஃப்ரைடே." வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றால் "அன்டில் ஃப்ரைடே." "வித்தின்" வேண்டுமானால் கால அளவோடு போடுங்கள்: "வித்தின் டூ டேஸ்."

எந்த ஊர் நேரம் என்பதும் முக்கியம். "எண்ட் ஆஃப் த டே" என்று நியூயார்க்காரர் சொன்னால் அவருடைய மாலை ஆறு மணி. கோடைக்காலத்தில் அது நமக்கு மறுநாள் அதிகாலை மூன்றரை. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். ஒன்பதரை மணி நேர வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை ஆகும். அந்த இரண்டு திங்கட்கிழமைகளிலும் யாராவது ஒருவர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தப்பி வருவார். அது நீங்களாக இருக்க வேண்டாம்.

புரியாதபோது என்ன செய்வது

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, புரியாததற்குச் சிரித்துத் தலையாட்டுவது. அழைப்பு முடிந்ததும் நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்து "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொள்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டிய ஆள் அப்போது இணைப்பைத் துண்டித்துப் போயிருப்பார்.

"பார்டன்?" என்று மூன்று தடவை கேட்டால் அவரும் அதே வேகத்தில் மூன்று தடவை சொல்வார். எந்த இடம் விழவில்லை என்று காட்டுங்கள். "ஐ காட் த ஃபர்ஸ்ட் பார்ட். குட் யூ ரிபீட் வாட் யூ செட் அபவுட் த லாகின் பேஜ்?" இப்படிக் கேட்பவனை யாரும் ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைப்பதில்லை, கவனமாகக் கேட்கிறவன் என்றே நினைப்பார்கள்.

அடுத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. இதை விமானிகளிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. அதில் ஒன்று பேச்சு. நெதர்லாந்து விமானத்திலிருந்து "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்றார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர், அவர்கள் புறப்படும் இடத்தில் நிற்பதாக எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. டச்சு மொழியின் வாக்கிய அமைப்பு அந்த ஆங்கிலத்துக்குள் புகுந்திருக்கலாம் என்று பின்னர் விளக்கியவர்கள் உண்டு. என் "யெஸ்" போலத்தான். பொத்தாம்பொதுவாக "ஓகே" சொல்வதைத் தவிர்த்து, கிடைத்த அனுமதியை வார்த்தைகளோடு திருப்பிச் சொல்லும் முறை அதன்பின் விமானப் போக்குவரத்தில் மேலும் இறுக்கமானது.

நம் வேலையில் யாரும் சாகப்போவதில்லை. ஆனாலும் கூட்டம் முடியும் முன் "லெட் மீ கன்ஃபர்ம்" என்று தொடங்கி, யார், எதை, எப்போது என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். அவர் "நோ, நோ, நாட் தட் ஒன்" என்று திருத்தும் அந்த இரண்டு வினாடிதான் உங்கள் இரண்டு நாள் வேலையைக் காப்பாற்றும்.

எண்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் தொலைபேசியில் ஒன்றுபோலவே விழும். "ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?" என்று இலக்கமாகக் கேளுங்கள். 3/4 என்று தேதி எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதினால் தீர்ந்தது. லட்சம், கோடி அவர்களுக்குத் தெரியாது. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன் என்று மேசையில் ஒட்டி வையுங்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது எம், என் இரண்டும் குழம்பும். "எம் ஃபார் மைக், என் ஃபார் நவம்பர்" என்று சொல்லலாம்; விமானிகள் 1956 முதல் பயன்படுத்தும் பட்டியல் அது. "எம் ஃபார் மதுரை" என்று சொல்லி ஒருவரைத் திண்டாட வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காலைக் கூட்டம்

நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எங்கே தடை என்று மூன்றே வாக்கியங்கள். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு எழுதி, படிக்கட்டுப் பக்கம் போய் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. தடுமாறுவது மனம் அல்ல, நாக்கு.

இங்கே ஒரே ஒரு இலக்கணம். "நேற்றே முடித்திருக்கிறேன்" என்று தமிழில் சொல்லலாம். அதை அப்படியே "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் இட் யெஸ்டர்டே" என்று மாற்றினால் ஆங்கிலத்தில் இடிக்கும். நேற்று, போன வாரம் என்று காலம் குறித்துவிட்டால் "ஹேவ்" வேண்டாம்: "ஐ கம்ப்ளீட்டட் இட் யெஸ்டர்டே." காலம் சொல்லாவிட்டால் "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் இட்" சரி. காலைக் கூட்டத்துக்கு இவ்வளவு போதும்.

மின்னஞ்சல்

நாம் கடிதம் எழுதினால் பின்னணியிலிருந்து தொடங்குவோம். நலம் விசாரித்து, நடந்ததை வரிசையாகச் சொல்லி, கடைசி வரியில் தயங்கித் தயங்கி வேண்டியதைக் கேட்போம். நல்ல பழக்கம்தான். ஆனால் தினமும் நூறு மின்னஞ்சல் பார்ப்பவர் கடைசி வரி வரை வரமாட்டார். கேட்பதை முதலில் வையுங்கள். தலைப்பிலேயே "நீட் டெஸ்ட் சர்வர் அக்சஸ் பை 14 ஜூன்." உள்ளே, "குட் யூ கிவ் மீ அக்சஸ் டு த டெஸ்ட் சர்வர் பை 14 ஜூன்? ஐ நீட் இட் டு ஸ்டார்ட் த பேமென்ட் டெஸ்ட்ஸ். தேங்க்ஸ்." முடிந்தது. காரணம் ஒரு வரி, அதுவும் கேட்ட பிறகு.

"குட் யூ" எதற்கு என்று கேட்பார்கள். தமிழில் "அனுப்புங்கள்" என்னும்போதே "ங்கள்" மரியாதையைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் "செண்ட் மீ த ஃபைல்" என்றால் அந்த "ங்கள்" கழன்று, "அனுப்பு" மட்டும் மிஞ்சுகிறது. முன்னால் "ப்ளீஸ்" ஒட்டினாலும் அது அதட்டலின் மேல் பூசிய சர்க்கரைதான். "குட் யூ" என்று கேள்வியாக்கினால் மரியாதை திரும்பி வரும். தொலைபேசியை எடுத்ததும் "சொல்லுங்கள்" என்ற எண்ணத்தில் "டெல் மீ" என்பதும் இதே வகைதான். "ஹலோ, ஹவ் கேன் ஐ ஹெல்ப்?" போதும். அமெரிக்கரை "சார்" என்று அழைக்க வேண்டியதில்லை. பெயர் சொல்லி அழைப்பதையே அவர் எதிர்பார்க்கிறார். முதல் மாதம் கூச்சமாக இருக்கும்.

"டூ த நீட்ஃபுல்" (வேண்டியதைச் செய்யுங்கள்), "ப்ரீபோன்" (முன்கூட்டியே வைப்பது), "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" (வெளியூரில்) போன்றவற்றை யாராவது கேலி செய்தால் பொருட்படுத்தாதீர்கள். அவை இந்திய ஆங்கிலம்; "ப்ரீபோன்" ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. பெங்களூரு அலுவலகத்துக்கு எழுதும்போது தாராளமாக எழுதுங்கள். வெளிநாட்டவருக்கு மட்டும் மாற்றினால் போதும், அவர்களுக்குப் புரியாது என்பதால். ஆனால் ஒரு சொல்லை உடனே விடுங்கள்: "டவுட்." நமக்கு அது பாடத்தில் வரும் சந்தேகம். "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்" என்று எழுதினால், உன் வடிவமைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று படிப்பார்கள். "ஐ ஹேவ் எ கொஸ்சன்" என்று எழுதுங்கள்.

உச்சரிப்பு: கொஞ்சம் மட்டும்

அமெரிக்க உச்சரிப்புக்குக் காசு கொடுத்துப் பயிற்சி எடுக்காதீர்கள். தமிழ் வாடை அடிக்கட்டும். கேட்பவரைத் திணற வைப்பவை சிலவே. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மட்டும் ஓங்கி ஒலிக்கும்; நாம் எல்லா அசைகளையும் சமமாக அடுக்குகிறோம், அல்லது முதல் அசையை அழுத்துகிறோம். டெவலப், ஹோட்டல், ஈவென்ட், கம்போனென்ட் நான்கிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். இதை மாற்றிச் சொன்னால் மற்ற ஒலிகள் சரியாக இருந்தும் சொல் புரியாமல் போகும்.

அடுத்து, ப வேறு, ஃப வேறு. ஃபைல் என்பது பைல் ஆனால் கோப்பு குவியலாகிவிடும். மேல்பற்கள் கீழுதட்டைத் தொட வேண்டும், கண்ணாடியில் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தில் நுழையும் "ய", "வ" இரண்டையும் துரத்துங்கள். எவ்ரி என்பது யெவ்ரி அல்ல, ஒன்லி என்பது வொன்லி அல்ல. கடைசியில் ஒட்டும் உகரமும் அப்படியே. அது பஸ், பஸ்ஸு அல்ல. சந்தேகமான சொல்லுக்கு கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்கலாம்.

தினமும் அரை மணி நேரம்

கூட்டங்களில் திரையின் கீழே நேரடி எழுத்துரையை ஓடவிடுங்கள். டீம்ஸ், ஸூம், கூகுள் மீட் மூன்றிலும் அந்த வசதி உண்டு. பாதி காது, பாதி கண் என்று முதல் மாதம் ஓட்டிவிடலாம். உங்கள் பேச்சை அது தப்பாக எழுதும் இடங்களை நோட்டில் குறியுங்கள், உச்சரிப்பு ஆசிரியர் இலவசமாகக் கிடைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பதிவாகியிருந்தால் வாடிக்கையாளர் பேசிய ஐந்து நிமிடத்தை மட்டும் மாலையில் மறுபடி கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது அவருடைய ஆங்கிலம். தொலைக்காட்சித் தொடரின் ஆங்கிலம் அல்ல.

பேருந்துப் பயணத்துக்கு பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' அளவான தீனி. 1943 முதல் வானொலியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவரும் நிறுவனம் அது. இரவு படுக்கும் முன் அன்றைய வேலையை ஒரு நிமிடம் கைப்பேசியில் பேசிப் பதியுங்கள். திரும்பக் கேட்கக் கூசும், கேளுங்கள். முதல் நாள் பதிவை மட்டும் அழிக்காதீர்கள். இலக்கணப் புத்தகம் நான்காவது மாதம். அதற்குள் எந்தப் பக்கம் தேவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தால், "எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். பாதிப் பேர் உண்மையாகவே சொல்லித்தருவார்கள். மீதிப் பேருக்கும் தெரியாது; அதன்பிறகு சிரிக்கமாட்டார்கள்.

போன ஜூன் மாதம் சேர்ந்த பெண் ஒருவர், முதல் மூன்று வாரம் அழைப்புகளில் வாயே திறக்கவில்லை. நான்காவது வாரம் ஒரு கூட்டம் முடியும் தறுவாயில், எல்லோரும் "பை" சொல்லத் தொடங்கியபோது, ஒலிவாங்கியைத் திறந்து, "சாரி, லெட் மீ கன்ஃபர்ம். ஒன் ஃபைவ் யூசர்ஸ், ஆர் ஃபைவ் ஸீரோ?" என்றார். "ஃபைவ் ஸீரோ" என்றது எதிர்முனை. எங்கள் மூன்று பேர் குறிப்பிலும் பதினைந்து என்றுதான் எழுதியிருந்தது, என் நோட்டையும் சேர்த்து.